மூன்று நாளில் பிராக்: இருப்பதையும் இல்லாததையும் பார்க்க ஒரு திட்டம்

ஐரோப்பாவின் பழைய தலைநகரம் ஒன்றுக்கு இரண்டு மூன்று நாள் போய்வர நினைப்பவர்கள் முதலில் ஒரு பட்டியல் போடுவார்கள். கோட்டை, பாலம், தேவாலயம், அருங்காட்சியகம் என்று இருபது இடம் சேர்ந்ததும்தான் நாள் போதாது என்று தெரியும். அப்புறம் ஒரே ஓட்டம். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம், நாலு புகைப்படம், அடுத்த டிராம். ஊர் திரும்பிய பிறகு எந்தக் கோபுரம் எந்த ஊரில் பார்த்தது என்பதே குழம்பிவிடும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. அந்த ஊரின் வரலாற்றைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கிளம்புவது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடங்கள் மட்டும் பட்டியலில் இருக்கட்டும். மற்றவை அடுத்த முறைக்கு.

செக் குடியரசின் தலைநகரமான பிராக் நகரத்துக்கு அப்படி ஒரு திட்டம் போட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியில் படிப்பவர்களுக்கு வாரக்கடைசியில் போய்வர வசதியான ஊர். டிரெஸ்டன் நகரத்திலிருந்து ரயிலில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரம்தான்.

கேள்வி என்ன?

இரண்டாம் உலகப் போரில் வார்சா தரைமட்டமானது. பெர்லின், டிரெஸ்டன், புடாபெஸ்ட் எல்லாம் இடிந்தன. பிராக் மட்டும் ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டுப் பாலம், 15ஆம் நூற்றாண்டுக் கடிகாரம், பரோக் மாளிகைகள் எல்லாம் ஒரே நடையில் பார்க்கலாம். 1992இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அப்படியானால் இந்த ஊர் மட்டும் எப்படித் தப்பித்தது?

பதில் ஒரு கையெழுத்தில் தொடங்குகிறது. 1938 செப்டம்பர் இறுதியில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி நான்கும் மியூனிக்கில் கூடிப் பேசி, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்தன. அந்த நாட்டையே பேச்சுவார்த்தைக்கு அழைக்கவில்லை. நாட்டின் எல்லைக் கோட்டைகளும் மலை அரண்களும் அதோடு போயின.

ஆறு மாதம் கழித்து, 1939 மார்ச் 14 அன்று இரவு, வயதான குடியரசுத் தலைவர் எமில் ஹாகா பெர்லினுக்கு வரவழைக்கப்பட்டார். சரணடையாவிட்டால் பிராக் மீது விமானங்கள் குண்டு வீசும் என்று கோரிங் மிரட்டினார். ஹாகா மயங்கி விழுந்தார். மருத்துவர் ஊசி போட்டு எழுப்பினார். விடியற்காலையில் அவர் கையெழுத்துப் போட்டார். மார்ச் 15 அன்று ஜெர்மன் படை சண்டையே இல்லாமல் பிராக்குக்குள் வந்தது. அன்று இரவு ஹிட்லர் பிராக் கோட்டையில் தூங்கினார்.

கட்டடங்கள் பிழைத்ததற்கு இது முக்கியமான காரணம். ஆனால் ஊர் என்றால் கட்டடம் மட்டும்தானா? இந்த மூன்று நாள் திட்டம் அதைத்தான் தேடுகிறது. ஒவ்வொரு நாளும் அங்கே இருப்பதைப் பார்ப்போம், கூடவே அங்கே இருந்து காணாமல் போனதையும் பார்ப்போம்.

கிளம்பும் முன்

சில நடைமுறை விஷயங்கள். செக் குடியரசு 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஜெர்மனியில் தங்கும் அனுமதி உள்ளவர்களுக்குத் தனி விசா தேவையில்லை, ஆனால் பாஸ்போர்ட்டையும் அனுமதி அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோ கிடையாது, பணம் கொருனா. சுற்றுலாத் தெருக்களில் பணம் மாற்றும் கடைகளில் பலகையைப் பார்த்து ஏமாறாமல், கையில் எவ்வளவு வரும் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. டிராமுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே டிக்கெட். காகித டிக்கெட் என்றால் மஞ்சள் பெட்டியில் ஒருமுறை முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் செல்லாது; பரிசோதகர் பிடித்தால் அபராதம்தான்.

எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதும் முக்கியம். யூத அருங்காட்சியகத்தின் கட்டடங்கள் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். அது ஓய்வு நாள். வாரக்கடைசியில் போகிறவர்கள் இது தெரியாமல் சனிக்கிழமை போய் நின்று ஏமாந்து திரும்புவது உண்டு. ஆகவே வெள்ளி பழைய நகரம், சனி கோட்டை, ஞாயிறு யூதக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் (வெள்ளி): பழைய நகரச் சதுக்கம்

இங்கே எல்லோரும் பார்ப்பது பழைய நகர மன்றத்தின் சுவரில் உள்ள வானியல் கடிகாரம். 1410இல் செய்தது. மணி அடிக்கும்போது சின்னச் சன்னல்கள் திறந்து அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாக வந்து போகும். எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுக்கும். ஒரு நிமிடத்துக்கும் குறைவான காட்சிக்காகப் பெருங்கூட்டம் நிற்கும். நீங்களும் ஒருமுறை நின்று பாருங்கள், தப்பில்லை.

பார்த்த பிறகு கோபுரத்தைச் சுற்றி அதன் வடக்குப் பக்கம் போங்கள். அங்கே கட்டடம் இல்லை. மரங்களும் திறந்த வெளியும்தான். அதை ஒட்டிய நகர மன்றச் சுவர் வெட்டிவிட்டது போல் பாதியில் நிற்கும். அங்கே நகர மன்றத்தின் ஒரு பெரிய பகுதி இருந்தது. 1945 மே 5 அன்று பிராக் மக்கள் ஜெர்மானியர்களுக்கு எதிராக எழுந்தார்கள். மே 8 அன்று, ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாளில், அந்தப் பகுதி தீப்பிடித்து எரிந்தது. நகர ஆவணக் காப்பகத்தில் இருந்த பல நூற்றாண்டுச் சுவடிகளும் சாம்பலாயின. கடிகாரமும் எரிந்து, 1948இல்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. அந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று பலமுறை போட்டிகள் நடந்தும் இன்றுவரை எதுவும் கட்டப்படவில்லை.

அப்படியே கீழே, தரையைப் பாருங்கள். நகர மன்றத்துக்கு அருகே கல் தளத்தில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1620 நவம்பர் 8 அன்று நகருக்கு வெளியே வெள்ளை மலைச் சண்டையில் பொஹீமியாவின் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் தோற்றார்கள். ஹாப்ஸ்பர்க் பேரரசர் 1621 ஜூன் 21 அன்று 27 தலைவர்களை இதே சதுக்கத்தில் கொன்றார். அவர்களில் 12 பேரின் தலைகளைப் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். பத்தாண்டு அவை அங்கேயே இருந்தன. அதன் பிறகு சுமார் 300 ஆண்டுகள் பொஹீமியா வியன்னாவின் பிடியில் இருந்தது.

சதுக்கத்தின் நடுவில் இருப்பது யான் ஹுஸ் சிலை. மதச் சீர்திருத்தம் பேசியதற்காக 1415இல் உயிரோடு எரிக்கப்பட்டவர். 500ஆம் ஆண்டு நினைவாக 1915இல் சிலை வைத்தார்கள். அதற்கு அருகே ஒரு மாதா தூண் இருக்கிறது. முதலில் 1650இல் எழுப்பியது. 1918இல் ஹாப்ஸ்பர்க் ஆட்சி முடிந்ததும், அது அந்த ஆட்சியின் அடையாளம் என்று ஒரு கூட்டம் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தது. 2020இல் அதன் நகலை மீண்டும் நிறுத்தினார்கள். ஒருவருக்கு நன்றித் தூண், இன்னொருவருக்கு அடிமைத் தூண். ஒரே சதுக்கத்துக்குள் இத்தனை சண்டை.

மாலையில் டீன் தேவாலயத்துக்குள் போனால் வானியலாளர் டைகோ பிராகேயின் கல்லறையைப் பார்க்கலாம். 1601இல் இந்த ஊரில் இறந்தார். அவர் விட்டுப்போன அளவீடுகளை வைத்துத்தான் கெப்ளர் இங்கே உட்கார்ந்து செவ்வாய்க் கோளின் பாதை நீள்வட்டம் என்று கண்டுபிடித்தார். அந்த நூல் 1609இல் வெளியானது. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த கெப்ளர் விதிகளின் முதல் இரண்டும் பிராக்கில் பிறந்தவைதான்!

இரண்டாம் நாள் (சனி): பாலமும் கோட்டையும்

காலை எட்டு மணிக்கு முன்பே சார்லஸ் பாலத்துக்குப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் நம் ஊர்த் தேர்த் திருவிழா போல் ஆகிவிடும். நான்காம் சார்லஸ் 1357இல் அடிக்கல் நாட்டிய பாலம் இது. நீளம் 516 மீட்டர், 16 வளைவுகள். 1348இல் மத்திய ஐரோப்பாவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் ஒன்றைத் தொடங்கியதும், அதே ஆண்டில் 'புதிய நகரம்' என்று ஒரு முழு நகரப் பகுதிக்கே திட்டம் போட்டதும் அவர்தான். அந்தப் 'புதிய' நகரத்துக்கு இப்போது வயது 670க்கு மேல்.

பாலத்தின் மேல் உள்ள சிலைகள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. பலவற்றின் மூலச் சிலைகளை மழையும் புகையும் அரிக்காமல் இருக்க எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, நகல்களை வைத்திருக்கிறார்கள்.

இதே பாலத்தில் 1648இல் மாணவர்கள் சண்டை போட்டார்கள். முப்பதாண்டுப் போரின் கடைசி மாதங்கள். சுவீடன் படை ஆற்றின் மேற்குக் கரையையும் கோட்டையையும் பிடித்துவிட்டது. கிழக்குக் கரைக்கு வர இந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டும். நகர மக்களும் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து தடுத்தார்கள். படையால் கடைசிவரை பழைய நகரத்துக்குள் வர முடியவில்லை. நேற்றுச் சதுக்கத்தில் பார்த்த மாதா தூண் அந்தத் தற்காப்புக்கு நன்றியாக எழுப்பியதுதான்.

ஆனால் மேற்குக் கரை கொள்ளை போனது. 1583இல் தன் அரசவையையே பிராக்குக்கு மாற்றிய இரண்டாம் ருடால்ஃப் பேரரசர் சேர்த்து வைத்த ஓவியங்கள், சிலைகள், புத்தகங்கள் எல்லாம் வண்டியேறின. மனிதன் தூக்கச் சிரமப்படும் அளவு பெரிய கையெழுத்துப் புத்தகமான 'கோடெக்ஸ் கிகாஸ்' இன்றும் ஸ்டாக்ஹோமில் சுவீடனின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கோட்டையில் ருடால்ஃபின் சேகரிப்பைத் தேடுபவர்கள் சுவீடனுக்கும் ஒரு டிக்கெட் போட வேண்டும்.

கோட்டைக்கு ஏற முடியாதவர்களுக்கு 22ஆம் எண் டிராம் இருக்கிறது. நுழைவுச் சீட்டு பல கட்டடங்களுக்குச் சேர்த்துக் கிடைக்கும். இரண்டு இடங்களை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

ஒன்று, புனித வீட்டஸ் பேராலயம். 1344இல் தொடங்கி 1929இல்தான் முடிந்தது. நடுவில் போர், பணமின்மை, மத மாற்றம் என்று பல நூற்றாண்டு பாதிக் கட்டடமாகவே நின்றது. மேற்கு முகப்பு பழையது போல் தெரிந்தாலும் ஏறக்குறைய நம் தாத்தா காலத்து வேலைதான்.

இரண்டு, பழைய அரச மாளிகையின் சன்னல். 1618 மே 23 அன்று கோபம் கொண்ட புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் ஒரு செயலரையும் இங்கிருந்து வெளியே தூக்கி எறிந்தார்கள். சுமார் 20 மீட்டர் உயரம். மூவருமே பிழைத்துவிட்டார்கள். மாதா காப்பாற்றினாள் என்றது ஒரு கட்சி, குப்பைமேடு காப்பாற்றியது என்றது மறுகட்சி. ஆனால் இதைத் தொடர்ந்து வந்த முப்பதாண்டுப் போரில் மத்திய ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் பிழைக்கவில்லை.

மாலையில் அப்படியே லெட்னா மேட்டுக்கு நடந்து போங்கள். ஊர் முழுவதும் தெரியும் இடம். அங்கே ஒரு பெரிய கல் மேடையும் அதன்மேல் ஆடிக்கொண்டிருக்கும் ராட்சதத் தாளமானியும் இருக்கும். தாளமானி வைத்தது 1991இல். அதற்கு முன் மேடையில் நின்றது ஸ்டாலின். 15 மீட்டருக்கும் மேல் உயரம். அவருக்குப் பின்னால் வரிசையாகத் தொழிலாளர்களும் வீரர்களும். 1955 மே மாதம் திறந்தார்கள். வடிவமைத்த சிற்பி ஒட்டகார் ஷ்வெட்ஸ் திறப்பு விழாவுக்கு முன்பே தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டே மாஸ்கோவில் குருஷ்சேவ் ஸ்டாலினின் குற்றங்களைப் பேசிவிட்டார். 1962இல் வெடி வைத்துச் சிலையைத் தகர்த்தார்கள். மேடை மட்டும் மிச்சம்.

மூன்றாம் நாள் (ஞாயிறு): மனிதர்கள்

முதல் இரண்டு நாளும் காணாமல் போனவை சுவர், சிலை, ஓவியம். மூன்றாம் நாள் அப்படி இல்லை.

யோசஃபோவ் என்பது பழைய யூதக் குடியிருப்பு. 1893இல் வந்த ஒரு சட்டத்தால், சுகாதாரம் என்ற பெயரில் இதன் நெருக்கமான சந்துகளை இடித்து அகலத் தெருக்கள் போட்டார்கள். இன்று பாரிஸ்கா தெருவில் விலையுயர்ந்த கைப்பை விற்கும் கடைகள். மிஞ்சியவை ஆறு தொழுகைக் கூடங்களும் யூத நகர மன்றமும் ஒரு கல்லறைத் தோட்டமும். அந்தத் தோட்டத்தில் 15ஆம் நூற்றாண்டு முதல் 1787 வரை புதைத்தார்கள். இடம் இல்லாததால் மண் போட்டு மேலே மேலே அடுக்கினார்கள். ஏறத்தாழ 12,000 கல்லறைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன.

அதை ஒட்டியே பின்காஸ் தொழுகைக் கூடம். உள்ளே படங்களோ சிலைகளோ பெரிதாக இல்லை. சுவரெல்லாம் பெயர்கள். நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்களின் பெயர், பிறந்த தேதி, கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த தேதி. மொத்தம் 77,000க்கும் மேல். ஊர்வாரியாக, குடும்பவாரியாகக் கையால் எழுதியவை. ஒரே குடும்பப் பெயரின் கீழ் நாலைந்து பேர், அதில் கடைசிப் பெயருக்குப் பிறந்த ஆண்டு 1939 என்றெல்லாம் வரும். எழுத்தாளர் காஃப்கா 1924இலேயே காசநோயில் இறந்துவிட்டார். அவருடைய மூன்று தங்கைகளும் நாஜிகள் கையில் இறந்தார்கள்.

இந்தப் பெயர்களே ஒருமுறை காணாமல் போனவை. 1950களில் எழுதியவை. நிலத்தடி நீர் கசிகிறது என்று 1968இல் கட்டடத்தை மூடினார்கள். பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில் சுவர்ப் பூச்சோடு சேர்த்துப் பெயர்களும் போயின. 1989 மாற்றத்துக்குப் பிறகு, 1990களில் எல்லாப் பெயரையும் மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள்.

அருங்காட்சியகத்தின் மற்றக் கூடங்களில் உள்ள வெள்ளிப் பாத்திரங்கள், திரைச்சீலைகள், தோரா அலங்காரங்கள் அத்தனை அழகு. அவற்றில் பெரும்பகுதி 1942 முதல் 150க்கும் மேற்பட்ட ஊர்களின் யூதச் சமூகங்களிடமிருந்து இங்கே கொண்டுவந்து குவித்தவை. அவற்றைப் பட்டியலிட்ட யூதப் பணியாளர்களையும் பெரும்பாலும் பிறகு முகாம்களுக்கு அனுப்பினார்கள். பொருள் தப்பியது, ஆள் தப்பவில்லை. நம் கேள்விக்கு ஊர் சொல்லும் பதிலும் இதுதான்.

மதியம் ரெஸ்லோவா தெருவில் உள்ள புனித சிரில், மெத்தோடியஸ் தேவாலயத்துக்குப் போங்கள். ஹிட்லர் இந்த நாட்டை அடக்க அனுப்பிய ஹெய்ட்ரிக்கை 1942 மே 27 அன்று கப்சிக், குபிஷ் என்ற இரு வீரர்கள் தாக்கினார்கள். ஜூன் 4 அன்று அவன் இறந்தான். பழிக்கு ஜூன் 10 அன்று லிடிட்சே என்ற கிராமத்தில் 173 ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். ஜூன் 18 அன்று இந்தத் தேவாலயத்தில் ஒளிந்திருந்த ஏழு வீரர்களை நூற்றுக்கணக்கான படையினர் சூழ்ந்தார்கள். மணிக்கணக்கில் சண்டை. நிலவறைக்குள் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை. தெருவை ஒட்டிய சின்னக் காற்றுச் சன்னலைச் சுற்றிக் குண்டு பட்ட தடம் இன்றும் இருக்கிறது. அடைக்கலம் கொடுத்த பிஷப் கோராஸ்டையும் கொன்றார்கள்.

அதே தெரு ஆற்றை அடையும் மூலையில் 'ஆடும் வீடு' என்ற வளைந்த கண்ணாடிக் கட்டடம். 1996இல் முடிந்தது. அந்த மனை எப்படிக் காலியானது தெரியுமா? 1945 பிப்ரவரி 14 அன்று டிரெஸ்டன் என்று நினைத்து அமெரிக்க விமானங்கள் பிராக் மீது குண்டு போட்டன. சுமார் 700 பேர் இறந்தார்கள். அன்று இடிந்த வீட்டின் மனைதான் இது.

கடைசி நிறுத்தம் வென்செஸ்லாஸ் சதுக்கம். நான்காம் சார்லஸ் காலத்துக் குதிரைச் சந்தை. மேல்முனையில் தேசிய அருங்காட்சியகத்துக்கு முன்னால் தரையோடு தரையாக, உருகியது போல் ஒரு சிலுவை பதிந்திருக்கும். 1968 ஆகஸ்டில் சோவியத் படை நுழைந்தது. மக்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொள்வதைப் பொறுக்காமல், 20 வயது மாணவர் யான் பலாக் 1969 ஜனவரி 16 அன்று இங்கே தீக்குளித்தார்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் நாரொத்னி தெரு. ஒரு கட்டடத்தின் நடைவழிச் சுவரில் வெண்கலக் கைகள் கொண்ட சின்ன நினைவுப் பலகை. 1989 நவம்பர் 17 அன்று மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்த இடம். அந்த ஊர்வலமே, 1939 நவம்பர் 17 அன்று நாஜிகள் ஒன்பது பேரைக் கொன்று பல்கலைக்கழகங்களை மூடியதன் 50ஆம் ஆண்டு நினைவாகக் கிளம்பியது. ஆறு வாரத்தில் ஆட்சி மாறி, நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவரானார்.

தப்பித்ததா?

ஹாகா கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால்? வார்சா சண்டை போட்டது. 1944 எழுச்சிக்குப் பிறகு ஊரையே திட்டமிட்டு இடித்தார்கள். போலந்து மக்கள் பழைய ஓவியங்களையும் வரைபடங்களையும் வைத்து அதன் பழைய நகரத்தைத் திரும்பக் கட்டினார்கள். 1980இல் யுனெஸ்கோ அதையும் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இடிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. பின்காஸ் சுவரில் இருப்பவர்களை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

அதற்காக ஹாகாவைக் கோழை என்று எழுதிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. எல்லைக் கோட்டைகள் பறிபோய், கூட்டாளிகள் கைவிட்டு, நடு இரவில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு நோயாளிக் கிழவர். சண்டை போட்டிருந்தால் அந்த 77,000 பேர் பிழைத்திருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. சண்டை போட்ட போலந்தில் யூதர்களின் கதி இன்னும் மோசம். 1945இல் அவரைக் கைது செய்தார்கள். சில வாரங்களில் சிறை மருத்துவமனையில் இறந்தார்.

என் முடிவு சின்னதுதான். 'போரில் தப்பிய அழகு நகரம்' என்று பிராக்கைச் சொல்லும்போது 'கட்டடங்கள் தப்பிய நகரம்' என்று திருத்திச் சொல்ல வேண்டும். மூன்று நாளில் அந்த ஒரு திருத்தத்தைக் கற்றுக்கொண்டு வந்தால், பட்டியலில் விட்டுப்போன பதினைந்து இடங்களுக்காக வருத்தப்பட வேண்டியதில்லை.

சரி, நீங்கள் சொல்லுங்கள். அந்த இரவில் ஹாகாவின் நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா?